பொறு மேஸ்திரியின் இடது கால்

பல்லைக் கடித்து, புருவத்தை நெரித்து, "ஸ்ஸ்... யப்பா" என்று ஒரு முனகலையும் உதிர்த்துவிட்டுப் பொறு மேஸ்திரி இடது காலைத் தரையில் ஊன்றுகிறார். நெற்றியில் வியர்வைகூட அரும்பியிருக்கிறது. மருத்துவமனையின் பயிற்சி அறையில், சுவரோரம் காத்திருக்கும் நோயாளிகள் அவரைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். அத்தனையும் நடிப்பு. அவருடைய பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு காகிதத்தை நுழைத்து எடுத்துவிடலாம். உடம்பின் எடை முழுவதும் வாக்கரைப் பிடித்த கைகளிலும் வலது காலிலும் இருக்கிறது. இடது கால் விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி ஒரு வேலையும் செய்யாமல் பக்கத்தில் நிற்கிறது.

ஊன்றாதே என்று சொல்லியும் ஊன்றிவிட்டுத் திட்டு வாங்குகிறவர்களைத்தான் அந்த அறை தினமும் பார்க்கிறது. ஊன்று என்று சொல்லியும் ஊன்றாமல், ஊன்றியதாகக் கணக்குக் காட்டுகிற ஆள் அங்கே அவர் ஒருவர்தான்.

பயந்த சுபாவம் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாவது மாடியின் விளிம்பில் நின்றுகொண்டு கீழே இருப்பவரிடம் தீப்பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்கிற ஆள் அவர். தொழில் சென்ட்ரிங். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகை அடித்து, பலகைக்கு அடியில் இரும்பு முட்டுகளை வரிசையாக நிறுத்த வேண்டும். ஊற்றிய பிறகு, தளம் தன் பாரத்தைத் தானே தாங்கும் என்று ஆனதும், அந்த முட்டுகளைப் பிரிக்க வேண்டும். நிறுத்துவதில் அவருக்கு யாரோடும் தகராறு கிடையாது. பிரிப்பதில்தான் ஊரோடு சண்டை.

"மேஸ்திரி, இன்னிக்காவது பிரிச்சிடலாமா?" என்பார் வீட்டுச் சொந்தக்காரர்.

"பொறுங்க."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"போன தடவையும் பச்சையா இருந்துச்சு. இப்பவும் பச்சையா இருக்கு. நான் என்னங்க பண்ணட்டும்?"

தளம் ஈரம் காய்ந்து பார்வைக்குக் கல்லாகத் தெரிந்தாலும், உள்ளே இறுகாதவரை அவர் கணக்கில் அது பச்சைதான். எஞ்சினியர் வந்து சொன்னாலும் சரி, அவசரக்காரர்கள் கத்தினாலும் சரி, வாயில் வருவது அந்த ஒரே சொல். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன கம்பிக்காரர்கள் வைத்த பெயர்தான் பொறு மேஸ்திரி. அதை அவர் பட்டம் மாதிரி எடுத்துக்கொண்டார். அதற்குக் காரணம் இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் அவர் வேலை செய்த கட்டடத்தில், யாரோ ஒருவருடைய அவசரத்துக்காக வாசல் தளத்தின் முட்டுகளை முன்கூட்டியே தட்டிவிட்டார்கள். தளம் இறங்கியது. அவரோடு ஒரே பாத்திரத்தில் சாப்பிட்ட கூட்டாளிக்கு அன்றோடு கால் போயிற்று. தளம் இறங்குவதற்கு முன்னால் ஒரு சத்தம் கேட்டது, நரநரவென்று பல்லைக் கடிப்பது போல. அந்தச் சத்தத்தை அவர் காது இன்றுவரை விடவில்லை.

பொறுப்பது கட்டடத்தோடு நின்றால் பரவாயில்லை. புதிதாக ஒரு நாற்காலி வாங்கினால் முதலில் கையால் அழுத்துவார், பிறகு இடுப்பில் பாதியை மட்டும் வைத்துப் பார்ப்பார், முழுசாக உட்கார மறுநாள் ஆகும். அவருடைய மனைவிக்கு இதற்கு நேர் எதிரான தொழில். அவர் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க "ரைட், போலாம்" என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் பேச்சு அப்படித்தான் வரும். பொறு என்கிறவருக்கும் போலாம் என்கிறவருக்கும் எப்படி முடிச்சு விழுந்தது என்று கேட்டால், "கல்யாணம் ஆகி ஒரு வாரம் இவர் என்கூடப் பேசவே இல்ல. உறவு இன்னும் இறுகலன்னு நினைச்சிருப்பாரு" என்று சொல்லிவிட்டு மனைவியே முதலில் சிரிப்பார்.

கால் முறிந்தது உயரத்தில் அல்ல, தரையில். லாரியிலிருந்து முட்டுகளை இறக்கும்போது கட்டியிருந்த சங்கிலி நழுவிவிட்டது. உருண்டு வந்த முட்டுக் குழாய்களில் ஒன்று அவருடைய இடது தொடையில் விழுந்தது. தொடை எலும்பு இரண்டாயிற்று. ஆபரேஷன் முடிந்த மறுநாள் டாக்டர் வந்து படுக்கையருகே நின்று விளக்கினார்.

"எலும்புக்கு நடுவுல நீளமா ஒரு கம்பி விட்டு, மேலயும் கீழயும் ஸ்க்ரூ போட்டிருக்கோம். எழுந்து நிக்கலாம். வலி தாங்குற அளவுக்கு அந்தக் கால்ல பாரம் கொடுங்க. கொடுத்தாதான் எலும்பு நல்லா சேரும்."

மேஸ்திரி மரியாதையாகத் தலையை ஆட்டினார். மனசுக்குள், 'இவரும் அவசரக்காரர்தான்' என்று முடிவு கட்டிவிட்டார்.

மாலையில் மனைவியின் தம்பி பார்க்க வந்தார். மீசை நரைக்கத் தொடங்கிய ஆள், கம்பி கட்டுகிறவர். பலகைக்காரர்களுக்கும் கம்பிக்காரர்களுக்கும் நடுவே எப்போதும் ஒரு கிண்டல் ஓடும்.

"உள்ள கம்பி போட்டாச்சாமே மாமா. இனிமே நீங்க எங்க கட்சி."

"கம்பி நின்னா ஆச்சா மாப்ள? சுத்தி இருக்கிறது இறுக வேணாமா? கம்பியை நம்பி ஊத்தின மறுநாளே தளத்துல லோடு ஏத்துவியா நீ?"

மைத்துனர் தலையைச் சொறிந்தார். "ஏத்த மாட்டேன்தான்."

"அப்புறம்?"

அந்த வாதத்தில் ஓட்டை சொல்ல மைத்துனருக்குத் தெரியவில்லை. மேஸ்திரிக்கும் அதில் சந்தேகமே இல்லை. பச்சை எலும்பில் பாரம் ஏற்றினால் அது இறங்கும். டாக்டரிடம் எதிர்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்பதால் ஊன்றுவது போல நடிக்கத் தொடங்கினார். பிடிவாதக்காரர் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாரே. முனகலுக்கு ஒரு தனிச் சுருதியே பிடித்து வைத்திருந்தார். வீட்டிலும் அதே முனகல்தான். கூடத்தில் வாக்கர் 'டொக் டொக்' என்று நகரும்போது சமையலறையில் மனைவியின் கை நின்றுவிடும். இவ்வளவு வலியைத் தாங்குகிறாரே என்று பஸ்ஸில் பின்சீட்டுப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்ட நாட்கள் அவருக்கு உண்டு.

குட்டு வெளிப்பட்டது பயிற்சி கொடுக்கிற பிசியோ மேடத்தால். கட்டையான உருவம், அறைக்கு வெளியே மூன்று கதவு தாண்டிக் கேட்கும் குரல். வாரக்கணக்காக ஊன்றுகிற மனிதரின் தொடை ஏன் நாளுக்கு நாள் இளைக்கிறது என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. ஒரு நாள் எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்து தரையில் வைத்து, அதே உயரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகையையும் போட்டார்.

"வலது கால் பலகையில. இடது கால் மெஷின்ல. எப்பவும் போல ஊன்றுங்க மேஸ்திரி."

மேஸ்திரி எப்போதும் போலவே ஊன்றினார். பல்லைக் கடித்தார், புருவத்தை நெரித்தார், முனகினார். மெஷினின் முள் கொட்டாவி விடுவது போல லேசாக அசைந்து மறுபடி படுத்துக்கொண்டது.

மேடம் குனிந்து பார்த்தார். அன்று கூட வந்திருந்த மனைவியும் குனிந்து பார்த்தார்.

"உங்க காலோட எடைகூட இதுல முழுசா விழலையே. காலைத் தூக்கியே பிடிச்சிருக்கீங்களா? நடந்தா இதைவிட உழைப்பு கம்மி மேஸ்திரி."

காத்திருந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். மனைவி சிரிக்கவில்லை.

"என்கிட்டயுமா நடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.

மேஸ்திரி தளம், பச்சை, பாரம் என்று எதையோ தொடங்கினார், பாதியில் விட்டுவிட்டார். ஊரையே ஏமாற்றலாம், அந்த ஒருத்தியை ஏமாற்றியிருக்கக் கூடாது என்று அப்போது அவருக்குப் பட்டது. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் காலை ஊன்ற மட்டும் மனம் வரவில்லை.

மேடம் அன்றே டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் இரண்டு கால்களுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, படங்களை வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். முறிந்த இடத்தில் இன்னும் இடைவெளி தெரிந்தது.

"சேரல. இப்படியே விட்டா எல்லாப் பாரத்தையும் கம்பியே தாங்கணும், ஒரு நாள் அதுவும் ஒடியும். அடுத்த படத்துலயும் இப்படியே இருந்தா மறுபடி திறந்து, இடுப்பு எலும்புல கொஞ்சம் எடுத்து இங்க வெச்சு அடைக்கணும்."

வரைபடம் பார்த்துப் பழகிய கண் மேஸ்திரியுடையது. அவர் பார்வை முறிவில் நிற்கவில்லை. கொஞ்சம் கீழே, முழங்கால் பக்கம் போய் நின்றது. வலது காலில் அந்த இடம் வெள்ளை வெளேரென்று கெட்டியாக இருந்தது. இடது காலில் அதே இடம் மங்கி, பின்னால் எரியும் விளக்கு தெரிகிற அளவுக்கு இருந்தது.

"இங்க அடியே படலையே டாக்டர்?"

"படல. இது நீங்க பண்ணினது. பாரம் வராத எலும்பை, இது எதுக்குன்னு உடம்பு கரைக்க ஆரம்பிச்சிடும். பாரம் வந்தா அங்கதான் புது எலும்பைக் கொண்டுவந்து சேர்க்கும்."

மேஸ்திரி அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்ட பிறகும் அங்கேயே நின்றார். அவர் வாழ்நாளில் காத்திருந்ததால் பலம் குறைந்த தளம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

வெளியே பஸ் நிறுத்தத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். மனைவியின் கோபம் இன்னும் ஆறவில்லை.

"என் தளம் பொறுத்தா இறுகும்," என்றார் மேஸ்திரி. "இது பொறுத்தா கரையுது. எனக்குத் தெரியாமப் போச்சு. தப்பா முட்டு கொடுத்துட்டேன். உன்னையும் அழவெச்சுட்டேன்."

பஸ் வந்து நின்றது. மனைவி எழுந்து வாக்கரை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டு, தோளைக் காட்டினார்.

"ஏறுங்க. போலாம்."

ஊன்ற மாட்டேன் என்று நின்ற அதே பிடிவாதம், மறுநாள் காலையிலிருந்து ஊன்றியே தீருவேன் என்று திரும்பிக்கொண்டது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறவர் இல்லையே அவர். தொழிலில் முட்டுகளைப் பிரிக்கும்போது எடுத்த எடுப்பில் தட்டிவிட மாட்டார்கள். முட்டின் திருகை ஒவ்வொரு மரையாக, அதாவது ஒவ்வொரு சுற்றாக, தளர்த்துவார்கள். தளர்த்தத் தளர்த்தப் பாரம் தளத்தின் மேல் இறங்கும். ஒரு மரை இறக்கிவிட்டு நின்று கவனிக்க வேண்டும், பிறகு அடுத்தது. மேஸ்திரி தன் கைகள் இரண்டையும் முட்டுகளாக எண்ணிக்கொண்டார். மெஷினின் மேல் காலை வைத்து, கைகளை ஒரு மரை தளர்த்துவார். முள் கொஞ்சம் ஏறும். காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். நரநரவென்ற சத்தம் வரவில்லை என்றால் அடுத்த மரை.

பிசியோ மேடத்துக்கு இந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. "என்ன மேஸ்திரி, இன்னிக்கு எத்தனை மரை இறக்குறோம்?" என்று அவர் கதவருகே இருந்தே கேட்பார். கொஞ்ச நாளில் பக்கத்துக் கட்டிலில் இடுப்பு மூட்டு மாற்றிய டீச்சரும் மரைக்கணக்கில் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஒரு நாள் முள் உடம்பு எடையில் பாதியைத் தாண்டியபோது இடது முழங்காலில் 'மொடக்' என்று கேட்டது. மேஸ்திரியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இந்த முறை வந்த வியர்வை நிஜமான வியர்வை.

"இறங்கிடுச்சு மேடம்."

மேடம் முழங்காலைத் தொட்டு, மடக்கி, நீட்டிப் பார்த்தார்.

"மேஸ்திரி, ஒரு வீட்டுல கதவுக் கீல் கிரீச்சுன்னா சுவர் விழப்போகுதுன்னு வெளிய ஓடுவீங்களா? இது கீல். ரொம்ப நாள் திறக்காம வெச்சிருந்தீங்க, சத்தம் போடுது. எழுந்திருங்க."

எழுந்து நிற்பதற்கு அவருக்கு நேரம் பிடித்தது. பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார், முதல் தடவையாக. சொல்லிவிட்டு எழுந்து, உட்காருவதற்கு முன் முள் எங்கே இருந்ததோ அங்கேயே கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வீட்டில் வாக்கர் ஊன்றுகோலானது, ஊன்றுகோல் ஒற்றைக் கைத்தடியானது. மனைவி வேலை முடிந்து வந்து கூடத்தின் கோடியில் நின்றுகொண்டு, "ரைட், போலாம்" என்பார். இவர் இந்தக் கோடியிலிருந்து புறப்படுவார். வழியில் நின்றால், "இங்க ஸ்டாப்பிங் இல்ல, வாங்க" என்று அதட்டல் வரும். முனகல் அறவே நின்றுபோயிருந்தது. வலிக்கும்போது உதட்டை உள்ளே மடித்துக்கொள்வார், அவ்வளவுதான். அடுத்த எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றிப் புகை படர்ந்தது போல ஒன்று தெரிந்தது. புது எலும்பு என்றார் டாக்டர். திறக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். மேஸ்திரி அந்தப் புகையைப் போனில் படமெடுத்துக்கொண்டார். பேரக் குழந்தையின் படத்தைக் காட்டுகிறவர்களைப் போல அதைக் கண்டவர்களிடமெல்லாம் நீட்டினார்.

ஆனாலும் ஒன்று மட்டும் அவருக்கு வரவில்லை. இடது காலில் மட்டும் நிற்க வேண்டும். வலது காலைத் தூக்கி, எதையும் பிடிக்காமல்.

"ரெண்டு கால் இருக்கும்போது ஒத்தைக் கால்ல எதுக்கு மேடம் நிக்கணும்? நான் என்ன கொக்கா?"

"நடக்கிறதே அதுதான் மேஸ்திரி. ஒவ்வொரு எட்டுலயும் ஒரு நொடி ஒத்தைக் கால்லதான் நிக்கிறோம். நீங்க அந்த நொடியைத் திருடுறீங்க. அதான் இன்னும் நொண்டுறீங்க. ஏணின்னா படிக்குப் படி ஒத்தைக் கால். இது வராம உங்களை மேல ஏற விடமாட்டேன்."

ஏணி ஏறாவிட்டால் அவருக்குத் தொழில் இல்லை. தளத்துக்கு அடியில் போய்ப் பலகையைத் தட்டிப் பார்க்க முடியாத மேஸ்திரியை யார் கூப்பிடுவார்கள்? அது அவருக்கும் நன்றாகத் தெரியும். தினமும் முயன்றார். இரண்டு கைகளையும் எடுத்துவிடுவார், வலது குதிகாலையும் தூக்கிவிடுவார். ஒரே ஒரு விரல் மட்டும் பக்கத்திலுள்ள கைப்பிடிக் கம்பியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அந்த விரலை எடு என்றால் வலது கால் தரைக்கு வந்துவிடும். எடை முழுவதையும் கால் தாங்குகிறது, விரலில் ஒரு பாரமும் இல்லை என்று மேடம் மெஷின் வைத்தே காட்டிவிட்டார். விரல் கேட்கவில்லை.

"எதுக்கெடுத்தாலும் ஒத்தைக் கால்ல நிக்கிற மனுஷன், நிஜமாவே நில்லுன்னா மட்டும் மாட்டேங்கிறாரு," என்று மனைவி மேடத்திடம் முறையிட்டார்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் மைத்துனர் போன் செய்தார். ஒரு கட்டடத்தில் மறுநாள் காலை கான்கிரீட் ஊற்றப்போகிறார்கள். மேஸ்திரி இல்லாததால் மைத்துனரே ஆள் வைத்து முட்டுகளை நிறுத்திவிட்டார். மேஸ்திரி சும்மா வந்து உட்கார்ந்து ஒரு பார்வை பார்த்தால் நிம்மதியாக இருக்கும் என்றார். அன்று மனைவிக்கு விடுமுறை. இருவருமாகப் போனார்கள். மைத்துனர் வாசலிலேயே நாற்காலி போட்டு வைத்திருந்தார்.

மேஸ்திரி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே முட்டுகள் வரிசை வரிசையாக நின்றன. அவர் நிறுத்தாத முட்டுகள். பார்க்கப் பார்க்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைத்தடியோடு எழுந்து உள்ளே போனார். முதல் வரிசையில் ஒன்று அவர் கண்ணுக்குச் சரியாகப் படவில்லை. மேலே பலகையைத் தொடுகிற இடத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். அண்ணாந்தபடியே, வலது காலைத் தூக்கி முட்டின் அடியில் ஓங்கி ஓர் உதை விட்டார். இறுகி நிற்கிற முட்டு 'டங்' என்னும். இது 'டொப்' என்றது.

"மாப்ள! இதுல ரெண்டு மரை ஏத்து!"

அடுத்ததற்குப் போய் உதைத்தார். டங். அதற்கடுத்தது. டங். அதற்கும் அடுத்தது டொப் என்றது. "இதுவும்தான்! கம்பிக்காரன் கையில சென்ட்ரிங்கைக் கொடுத்தா இப்படித்தான்!" என்று அண்ணாந்த தலையைக் குனியாமலே திட்டினார். வரிசை முடிந்து திரும்பினார். பின்னாலிருந்து ஸ்பேனர் சத்தம் வரவில்லை. பார்த்தால், மைத்துனர் ஸ்பேனரைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றார். மனைவி வாசலில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேருடைய பார்வையும் அவர் முகத்தில் இல்லை, கீழே இருந்தது.

மேஸ்திரியும் கீழே பார்த்தார். சிமெண்டுத் தூசியில் இடது பாதம் முழுசாகப் பதிந்திருந்தது. சுவரில் சாய்த்த கைத்தடி வரிசையின் அந்தக் கோடியில் இருந்தது. பக்கத்தில் பிடித்துக்கொள்ள முட்டுகள் இருந்தன. அவர் கை அவற்றில் ஒன்றை நோக்கிக் கொஞ்சம் போய், தொடாமல் திரும்பிவிட்டது.

"போலாம்" என்று சொல்ல மனைவி வாயெடுத்தார். மேஸ்திரி கையைக் காட்டி நிறுத்தினார்.

பிறகு, டங் என்று சரியாக ஒலித்திருந்த ஒரு முட்டுக்கு எதிரே போய் நின்று, வலது காலை நிதானமாகத் தூக்கி இன்னொரு முறை உதைத்தார். உதைத்த காலை உடனே கீழே வைக்கவில்லை.